பின்னுக்கு ஓரடி



2018ஆம் ஆண்டு சித்திரை வருடப் பிறப்புக் கழிந்து சில நாட்களில், எங்கள் மாதர் சங்கத்தவர்கள் எல்லோருமாக ஒரு பஸ்ஸை வாடகைக்குப் பிடித்து நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனோம். வெருகல் வெயிலிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு அந்தக் குளிர் பெரும் புதுமை. கிரகரி வாவியில் படகு ஏறுவதற்கு மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். நான் மட்டும் ஒரு குதிரையைப் பார்த்தபடி நின்றுவிட்டேன்.

பிள்ளைகளை ஏற்றிச் சவாரி காட்டும் குதிரை அது. ஒரு வானுக்கும் கம்பி வேலிக்கும் நடுவே இருந்த ஒடுக்கமான இடத்துக்குள் புல்லைத் தேடி நுழைந்துவிட்டது. திரும்புவதற்கு இடமில்லை. வான்காரர் சத்தம் போட்டார். குதிரைக்காரத் தம்பி ஓடிவந்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் அடிக்கவில்லை. வேலியோரமாக மெல்ல நுழைந்து குதிரையின் முன்னால் போய் நின்றார். மூக்குத் தண்டின் மேல் இரண்டு விரல்களை வைத்தார். ஏதோ ஒரு சொல் சொன்னார். குதிரை ஓரடி பின்னுக்கு வைத்தது. உடனே விரல்களை எடுத்துவிட்டார். திரும்பவும் வைத்தார், திரும்பவும் ஓரடி. வானிலும் படாமல் கம்பியிலும் படாமல் நூல் பிடித்ததுபோல் அந்தக் குதிரை வெளியே வந்து நின்றது.

"என்னகா, குதிரைக்கு விலை பேசப் போறியா?" என்று கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நான் அந்தத் தம்பியிடம் போய், "இதை எப்படிப் பழக்கினீங்க?" என்று கேட்டேன்.

"அக்கா, குதிரைக்கு நேர் பின்னால இருக்கிறது கண்ணுக்குத் தெரியாது. நம்மள நம்பித்தான் பின்னால கால வைக்கும். நம்பிக்கை வந்துட்டா நேரா வரும். பயம் வந்துட்டா கோணிக்கும்" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதே வார்த்தைகளை ஒன்பது வருடங்களுக்கு முன்னர் எங்கள் ஊரில், மாட்டைப் பற்றி, ஒரு முதியவர் எனக்குச் சொல்லியிருந்தார். அந்தக் கதையைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் பக்கத்தில் குதிரை கிடையாது. வடக்கே நெடுந்தீவில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தோடு வந்தவற்றின் வழிவந்த குதிரைகள் இப்போதும் காட்டுக் குதிரைகளாகத் திரிகின்றன. வெருகலில் எங்களுக்கு வாய்த்தது மாடுதான். ஆனால் முன்னுக்குப் போகவே பிறந்த ஒரு பிராணியைப் பின்னுக்கு நேராகப் போகப் பழக்குவது என்ற பாடம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

வண்டில் வந்த கதை

திருகோணமலை மாவட்டத்தின் தெற்கு எல்லையில், மகாவலியின் ஒரு கிளை கடலைச் சேரும் இடத்தில் இருக்கிறது எங்கள் வெருகல். ஆற்றங்கரையில் சித்திர வேலாயுத சுவாமி கோயில். ஆற்றைத் தாண்டினால் மட்டக்களப்பு மாவட்டம். 2011இல் பாலம் வரும்வரை பாதையில் ஏறித்தான் ஆற்றைக் கடப்போம். பஸ்ஸும் மாட்டு வண்டிலும் மனிதரும் ஒரே பாதையில் அக்கரை போன காலம் அது.

2006 ஓகஸ்டில் அந்த ஆற்றைக் கடந்துதான் நாங்கள் கதிரவெளிக்கும் வாகரைக்கும் ஓடினோம். பிறகு அங்கிருந்தும் மட்டக்களப்புப் பக்கம் போனோம். அந்த மாதங்களில் என் கணவரை இழந்தேன். 2007இல் மீளக் குடியேற வந்தபோது என்னோடு இருந்தவர்கள் மகள், மகன், கணவரின் தாயாரான என் மாமி ஆகிய மூவர். எங்கள் பட்டியில் நின்ற மாடுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வளவின் மூலையில், கொடி படர்ந்துபோய், கணவரின் வண்டில் மட்டும் கிடந்தது. ஒரு சில்லு உக்கியிருந்தது.

இரண்டு வருடங்கள் கூலி வேலை செய்தேன். கச்சான் பிடுங்கினேன், கல் அரிந்தேன், வயலில் களை எடுத்தேன். 2009இல் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் சுழற்சிக் கடன் கொடுத்தார்கள். மற்றவர்கள் கோழி வளர்த்தார்கள், தையல் இயந்திரம் வாங்கினார்கள். நான் மாடு வாங்குவேன் என்று சொன்னேன்.

"பொம்புளை வண்டில் ஓட்டுறதா?" என்று கேட்டார்கள். மாமி மட்டும், "வண்டில் வளவுக்குள்ள கிடந்து உக்குறதை விட ஓடட்டும்" என்றார்.

கடன் காசில் இரண்டு எருதுகள் வாங்கினேன். மயிலை வேலை பழகிய மாடு. சிவலை இளம் நாம்பன். நலமடித்து அதிக காலமாகவில்லை, நுகத்தில் சில நாட்கள்தான் நின்றிருந்தது. பழகிய மாட்டோடு பழகாத மாட்டைப் பூட்டினால் தானாகப் பழகிவிடும் என்று விற்றவர் சொன்னார். அது பாதி உண்மை. முன்னுக்குப் போவதைச் சிவலை ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டது. பின்னுக்குப் போவதை மயிலை அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மில் வாசலில்

வண்டில் வைத்திருப்பவருக்குப் பின்னுக்கு எடுக்கத் தெரியாவிட்டால் வேலை கிடைக்காது. அரிசி மில்லில் மூடை ஏற்றுவதற்கு வண்டிலின் வாலைத் திண்ணையோடு ஒட்டி வைக்க வேண்டும். ஓலை வேலிகளுக்கு நடுவே போகும் ஒழுங்கையில் எதிரே ஒரு உழவு இயந்திரம் வந்தால், யாரோ ஒருவர் பின்னுக்குப் போகத்தான் வேண்டும்.

இரண்டாவது வாரத்தில் ஒரு மில்லுக்கு நெல் ஏற்றிக்கொண்டு போனேன். வாசலில் நாலைந்து ஆண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டிலைத் திருப்பி, வாலைத் திண்ணைப் பக்கம் வைத்து, "பின்ன, பின்ன" என்றேன். மயிலை காலை எடுத்து வைத்தது. சிவலை அசையவில்லை. நாணயக்கயிற்றை இழுத்தேன். அது தலையை மேலே தூக்கியதே தவிர பின்னுக்கு வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு காதில் விழுந்ததும் எனக்கு எங்கிருந்தோ ஒரு ஆத்திரம் வந்தது. கம்பால் மாட்டின் முகத்தில் அடித்தேன்.

சிவலை பக்கவாட்டில் பாய்ந்தது. நுகம் கோணி, வண்டிலின் நடுமரம் 'மடார்' என்று வெடித்தது. ஒரு சில்லு கானுக்குள் இறங்கிற்று. இரண்டு மூடைகள் உடைந்து நெல் சேற்றில் கொட்டியது. சிவலையின் மூக்கு கயிறு அறுத்து இரத்தம் ஒழுகியது.

"இனி ஒரு ஆம்பிளையை அனுப்பு புள்ள" என்றார் மில்காரர். அவர் கோபமாகச் சொல்லவில்லை, இரக்கமாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் வலித்தது.

அன்றிரவு மாட்டுக்கு மஞ்சள் அரைத்துப் பூசும்போது, அது என் கையைக் கண்டு தலையைப் பின்னுக்கு இழுத்தது. இடம்பெயர்ந்த நாட்களில் என் மகன் சத்தம் கேட்கும்போதெல்லாம் அப்படித்தான் ஒதுங்குவான். நான் அழுதேன். கடனை நினைத்து அழுதேனா, மாட்டை நினைத்து அழுதேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பெரியப்பாவின் பாடம்

அடுத்த வளவில் ஒரு பெரியப்பா இருந்தார். வாழ்நாளெல்லாம் வண்டில் ஓட்டியவர். கண்பார்வை மங்கி வீட்டோடு இருந்தார். உடைந்த நடுமரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"புள்ள, உன்ர முதுகுக்குப் பின்னால என்ன கிடக்குது எண்டு திரும்பாமச் சொல்லு பாப்பம்."

எனக்குத் தெரியவில்லை.

"மாட்டுக்கும் தெரியாது. கண் பக்கத்தில இருக்கிறதால சுத்திவர எல்லாம் தெரியும். நேர் பின்னுக்கு மட்டும் தெரியாது. கிணறு கிடக்குதோ, பாம்பு கிடக்குதோ எண்டுதான் அது நினைக்கும். நீ சொன்னா நம்பி வைக்கோணும். நீ அடிச்சா நம்புமா?"

அடுத்த நாள் காலையிலிருந்து பாடம் தொடங்கியது. வண்டிலும் இல்லை, நுகமும் இல்லை. அவர் வளவுக்கும் எங்கள் வளவுக்கும் இடையில் இருந்த ஒழுங்கைக்குள் சிவலையை மட்டும் கொண்டு போனேன். ஒரு பக்கம் வேலி இருந்தால் மாடு அந்தப் பக்கம் கோண முடியாது. பாதி வேலையை வேலி பார்த்துக்கொள்ளும்.

மாட்டின் முன்னால், சற்று ஒரு பக்கமாக நிற்க வேண்டும். நேர் முன்னால் நின்றால், அது பயந்து பாயும்போது எங்கள் மேல்தான் பாயும். கயிற்றை மேலே தூக்கக் கூடாது. தலை மேலே போனால் முதுகு விறைத்துவிடும், பின்னங்கால் வராது. தலை தாழ்ந்து இருக்க வேண்டும். கம்பின் மொட்டை நுனியை நெஞ்சில் வைத்து, "பின்ன" என்று ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். பிறகு பொறுத்திருக்க வேண்டும்.

முதல் நாள் சிவலை காலையே எடுக்கவில்லை. உடம்பின் பாரத்தை மட்டும் சற்றுப் பின்னுக்குச் சாய்த்தது. "விடு! விடு!" என்று திண்ணையிலிருந்து பெரியப்பா கத்தினார். நான் கம்பை எடுத்துக் கயிற்றைத் தளர்த்தினேன்.

"அடியே வைக்கல்லையே?" என்றேன்.

"வைக்க நினைச்சதே, அது போதும். நினைச்ச உடன விட்டாத்தான், 'ஓ, இதைத்தான் கேக்கிறாள்' எண்டு அதுக்கு விளங்கும். பிந்தி விட்டா ஒண்டும் விளங்காது."

சகோதரிகளே, நான் படித்ததிலேயே பெரிய பாடம் இதுதான். மாடு கற்றுக்கொள்வது நாங்கள் அழுத்தும்போது அல்ல, அழுத்தத்தை விடும்போது. சரியான கணத்தில் விடத் தெரியாதவருக்கு எந்தப் பிராணியும் பழகாது.

காலையில் கால் மணித்தியாலம், மாலையில் கால் மணித்தியாலம். அதற்கு மேல் பெரியப்பா விடமாட்டார். மூன்றாம் நாள் ஓரடி வைத்தது. ஒரு கிழமையில் மூன்றடி. அப்போதுதான் அடுத்த சிக்கல் வந்தது. பின்புறம் வலது பக்கமாக ஒதுங்கத் தொடங்கியது. நான் போய்ப் பின்புறத்தைத் தள்ளினேன். பெரியப்பா சிரித்தார்.

"குண்டியைத் தள்ளி நேராக்க ஏலாது. தலையைப் பார். பின்புறம் வலப்பக்கம் போனா, தலையையும் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பு. தலை போற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பின்புறம் போகும். அப்பவும் சரிவராட்டி முன்னுக்கு ஓரடி கூட்டிப் போய், நேராக்கி, திரும்பத் தொடங்கு. கோணின மாட்டை இன்னும் பின்னுக்குத் தள்ளினா இன்னும்தான் கோணும்."

பிறகு இரண்டையும் நுகத்தில் பூட்டினோம். மயிலை விறுவிறு என்று போகும். சிவலை யோசித்துப் போகும். ஒன்று முந்தினால் நுகம் கோணிவிடும். ஆகவே வேகமான மாட்டுக்குப் பொறுத்து நிற்கப் பழக்கினேன். மெல்லப் போவதற்கு வேகம் பழக்குவதை விட இது சுலபம்.

நடுமரத்துக்குப் புது மரம் போட்ட பிறகு வெறும் வண்டிலைப் பூட்டினோம். முன்னுக்கு இழுக்கும்போது நுகம் திமிலில் தாங்கி நிற்கும். பின்னுக்குப் போகும்போது அது திமிலை விட்டுக் கொம்படிப் பக்கம் நழுவும். அப்போது பாரமெல்லாம் கழுத்துக் கயிற்றில்தான். அந்தக் கயிறு இறுக்கமாக இருந்தால் தொண்டையை நெரிக்கும், தளர்வாக இருந்தால் நுகம் தலையில் ஏறும். மில் வாசலில் சிவலை ஏன் மறுத்தது என்று அப்போதுதான் பார்த்தேன். நான் கட்டியிருந்த கயிறு அதன் தொண்டையை நெரித்திருக்கிறது. பாவம், மாடு பிடிவாதம் பிடிக்கவில்லை. மூச்சு விட வழி தேடியிருக்கிறது.

இன்னொரு விசயம். மாடுகள் இடப்பக்கம் விலகினால் வண்டிலின் வால் வலப்பக்கம் போகும். வண்டிலின் வால் போக வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக மாடுகளை நகர்த்த வேண்டும். இது கைக்குப் பழக எனக்கு ஒரு மாதம் பிடித்தது. மூடை ஏற்றினால் மாட்டின் முன்னால் நிற்கும் எனக்கு வண்டிலின் பின்பக்கம் தெரியாது. ஆகவே அப்போது பத்து வயதான என் மகன் பின்னால் நின்று சொல்லுவான்: "நேர்... நேர்... வலப்பக்கம் போகுது... நில்!" இடம்பெயர்வுக்குப் பிறகு அவன் அதிகம் பேசாத பிள்ளை. அந்த ஒழுங்கையில்தான் அவன் குரல் உயர்ந்து கேட்டேன்.

இரண்டரை மாதங்கள் கழித்து அதே மில் வாசலுக்குப் போனேன். வண்டிலின் வால் திண்ணையில் மெல்லத் தொட்டு நின்றது. யாரும் கைதட்டவில்லை. மில்காரர் ஆட்களைப் பார்த்து, "மூடையை ஏத்துங்கோ" என்றார். அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்!

வாய்க்கால் கட்டில் ஒரு மாலை

2011 ஜனவரியில் கிழக்கு மாகாணத்தை மூழ்கடித்த வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் பாதிக்கப்பட்டார்கள். மகாவலி பெருகினால் அதன் தண்ணீர் எங்கள் வாசலுக்கு வந்துதானே கடலுக்குப் போக வேண்டும்.

அன்று பின்னேரம் பாடசாலைக்குப் போய்த் தங்குவதற்காக வண்டிலில் புறப்பட்டோம். நடக்க முடியாத மாமி, அடுத்த வீட்டுச் சின்னப் பிள்ளைகள் இருவர், அரிசி, சட்டி பானை எல்லாம் வண்டிலில். மகள் அவர்களைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். வயல்களுக்கு நடுவே வாய்க்கால் கட்டு வழியாகப் போனோம். இருபுறமும் தண்ணீர். கட்டின் அகலம் வண்டிலின் அகலத்தைவிடச் சற்றுத்தான் கூட.

பாதித் தூரம் போனதும் மாடுகள் நின்றுவிட்டன. முன்னால் கட்டு உடைந்து, மண்ணிறத் தண்ணீர் குறுக்கே பாய்ந்துகொண்டிருந்தது. திரும்ப இடமில்லை. பின்னால் நாற்பது யார் தூரத்தில், ஒரு மருதமரத்தடியில்தான் கட்டு அகலும். இருட்டிக்கொண்டு வந்தது.

"மாட்டை அவிட்டுவிட்டுப் புள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போ மகள். நான் இதில கிடக்கிறன்" என்றார் மாமி.

நான் பதில் சொல்லவில்லை. மாடுகளுக்கு முன்னால் வந்து நின்றேன். என் முதுகுக்குப் பின்னால் வெள்ளம் இரைந்தது. மகன் டோர்ச் லைற்றோடு வண்டிலின் பின்னால் போனான். கழுத்துக் கயிறுகளைத் தடவிப் பார்த்தேன். சிவலையின் நெஞ்சில் கையை வைத்தேன். உள்ளே இருதயம் அடிப்பது கைக்குத் தெரிந்தது. என் கையும் நடுங்கியது.

"பின்ன" என்றேன்.

ஓரடி வைத்தன. கையை எடுத்தேன். திரும்பவும், "பின்ன." ஓரடி. ஐந்தடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு விட்டோம். "நேர் அம்மா, நேர்" என்று மகன் சொல்லிக்கொண்டே வந்தான். நடுவழியில் திடீரென்று "நில்!" என்று கத்தினான். இடது சில்லு கட்டின் விளிம்புக்கு வந்துவிட்டது. மண் சரிந்து தண்ணீருக்குள் விழும் சத்தம் எனக்கும் கேட்டது. சின்னப் பிள்ளைகள் அழுதார்கள். அந்த நேரத்தில் கயிற்றை இழுத்துப் பின்னுக்குத் தள்ளத்தான் எந்தக் கையும் துடிக்கும். நான் வெள்ளத்தை நோக்கி, முன்னுக்கு ஓரடி கூட்டி வந்தேன். வண்டிலை நேராக்கினேன். திரும்பத் தொடங்கினேன்.

ஒரு மணித்தியாலம் பிடித்திருக்கும். மருதமரத்தடியில் வண்டிலைத் திருப்பியபோது நன்றாக இருட்டிவிட்டது. ஒரு அடிகூட அடிக்கவில்லை. மில் வாசலில் அடித்த அந்தக் கையோடு அன்று நான் இருந்திருந்தால் எங்கள் ஐந்தாறு உயிர்களும் என்னவாகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் தூக்கம் வராது.

மகள் சொன்ன விளக்கம்

அன்று வண்டிலில் இருந்த என் மகள் பின்னாளில் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாய பீடத்தில் படித்தாள். ஒரு விடுமுறையில் வந்து, "அம்மா, பெரியப்பா சொன்னதெல்லாம் புத்தகத்தில இருக்குது" என்றாள்.

அமெரிக்காவில் ரெம்பிள் கிராண்டின் என்ற பேராசிரியை இருக்கிறாராம். சிறுவயதில் பேச்சுப் பிந்திய, ஓட்டிசம் உள்ள பெண். மாடுகள் எதைக் கண்டு மிரளுகின்றன, எப்படிப் பார்க்கின்றன என்று ஆராய்ந்து, அடிக்காமல் மாடுகளை நடத்தும் முறைகளை உலகுக்கே சொல்லிக்கொடுத்தவர். மாட்டின் தோள் ஒரு தராசு முள் போன்றது என்பது அவர் விளக்கம். தோளுக்குப் பின்னால் நின்று நெருங்கினால் மாடு முன்னுக்குப் போகும். தோளுக்கு முன்னால் நின்று நெருங்கினால் பின்னுக்குப் போகும். பெரியப்பா என்னை நிறுத்திய இடம் அதேதான்.

குதிரை முன்னுக்கு நடக்கும்போது நாலு கால்களையும் ஒவ்வொன்றாக வைக்குமாம். பின்னுக்குப் போகும்போது முன்கால் ஒன்றையும் எதிர்ப்பக்கப் பின்கால் ஒன்றையும் சோடியாக வைக்குமாம். கோபத்தோடு குதிரையிடம் போகாதே என்று செனபோன் என்ற கிரேக்கர் 2,300 வருடங்களுக்கும் முன்னரே எழுதி வைத்திருக்கிறாராம். இவ்வளவு காலத்துக்கு முன்னரே தெரிந்த விசயத்தை நான் ஒரு மாட்டின் மூக்கை அறுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

இன்றைக்கு

பாலம் வந்தபின் லொறிகள் வந்தன. லான்ட்மாஸ்டர் வந்தது. வண்டிலுக்கு வேலை குறைந்தது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது மாட்டெருவுக்கு மதிப்பு வந்தது. 2022இல் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்றபோது எங்கள் வண்டில் மீண்டும் ஓடியது. அதன் பிறகு மீண்டும் குறைந்துவிட்டது. இந்த வண்டிலை நம்பித்தான் எல்லோரும் வாழலாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கடனை அடைத்ததும், மகளைப் படிப்பித்ததும், மாமியைக் கடைசி வரை பார்த்ததும் இந்த வண்டில்தான்.

பெரியப்பா இப்போது இல்லை. மயிலையும் இல்லை. சிவலைக்கு வயதாகிவிட்டது, வேப்பமரத்தடியில் படுத்து அசைபோடுகிறது. வியாபாரிகள் வந்து கேட்டார்கள். கொடுக்கவில்லை. அதன் மூக்கில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. நான் கையை நீட்டினால் இப்போது அது தலையை இழுப்பதில்லை.

சென்ற வருடம் ஒரு இளம் நாம்பன் வாங்கினேன். பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் ஒரு பிள்ளை, கணவரை இழந்து இரண்டு குழந்தைகளோடு இருப்பவள், வண்டில் ஓட்டப் பழக்கித் தரும்படி கேட்டு வந்தாள். பழைய ஒழுங்கைக்குள் அவளை நிறுத்திக் கயிற்றைக் கையில் கொடுத்தேன். திண்ணையில், பெரியப்பா இருந்த இடத்தில், நான் இருந்தேன்.

அவள் கம்பை நெஞ்சில் வைத்து, "பின்ன" என்றாள். நாம்பன் அசையவில்லை. அவள் கை இறுகுவதைக் கண்டேன். முகம் சிவப்பதையும் கண்டேன். பிறகு நாம்பனின் பின்னங்கால் கொஞ்சம், மிகக் கொஞ்சம், மடிந்தது.

"விடு! விடு!" என்று கத்தினேன்.

"அடியே வைக்கல்லையே அக்கா?" என்றாள் அவள்.